நோய் திரும்பி வந்தபோது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



லாரி பாடி கட்டும் தொழிலில் இளைஞர்களுக்கு உள்ள வாய்ப்புகளைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் சங்கச் செயலாளர் அண்ணன் முதலில் போன் செய்தார். நாமக்கல்லில் பிறந்து, மெக்கானிக்கல் படித்து, டேங்கர் வடிவமைப்பில் வேலை பார்க்கிறவனை வேறு எதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள்? நான்தான் தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டேன். இந்த அரங்கத்தில் இத்தனை பேர் இருக்கிறோம். நம் வீடுகளில் எங்காவது ஒரு வீட்டில் இந்த நேரம் ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்காகத்தான் இந்தத் தலைப்பு.

எனக்கு 2019-இல், முப்பது வயதில், புற்றுநோய் வந்தது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்று பெயர். கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. வலி கிடையாது. இரவில் மட்டும் வேர்வை. நிணநீர்க் கழலைகளில் வருகிற புற்று இது. புற்றுகளில் நல்ல புற்று என்று டாக்டரே சொன்னார். நூறு பேரில் எண்பது பேருக்கு மேல் குணமாகிற நோய். ஆறு மாதம், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, நாலு மருந்து கலந்து நரம்பில் ஏற்றினார்கள். 2020 பிப்ரவரியில் முடிந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதமே நாட்டுக்கே ஊரடங்கு போட்டார்கள். எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்து புலம்பிய நாட்களில் நான் ஒருவன் மட்டும் சந்தோஷமாக இருந்தேன்.

கோவில் திறந்தவுடன் அம்மா வேண்டுதலை நிறைவேற்றினார்கள். நம் ஊர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை, வெண்ணெய்க்காப்பு. பதினெட்டடி உயரம், தலைக்கு மேல் கூரை இல்லாமல், வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு நிற்கிற சாமி. எதிரே மலையைக் குடைந்த கோவிலில் நரசிம்மர், நாமகிரித் தாயார். அங்கேயும் அர்ச்சனை. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி, சொந்தபந்தம் எல்லாருக்கும் சாப்பாடு போட்டோம். கணக்கு முடிந்தது என்று நினைத்தோம்.

2022 அக்டோபரில் அது திரும்பி வந்தது.

நண்பர்களே, முதல் தடவை வருகிற புற்றுநோய்க்கும் திரும்பி வருகிற புற்றுநோய்க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முதல் தடவை வரும்போது பயம் மட்டும்தான். "போராடுவோம்" என்கிற வார்த்தைக்கு அப்போது அர்த்தம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு தைரியமும் கொண்டு வருகிறார்கள். இரண்டாம் தடவை அவர்களுக்கும் பேச்சு வருவதில்லை. நம்மிடம் உள்ள ஆயுதத்தை எல்லாம் ஏற்கெனவே எடுத்து வீசியாகிவிட்டது. மருந்து போட்டாச்சு. பத்தியம் இருந்தாச்சு. வேண்டுதல் வைத்தாச்சு, அதைச் செலுத்தியும் ஆச்சு. இனி சாமியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

என் அம்மாவுக்கு இந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. நன்றி சொல்லி, மாலை சாத்தி, ஊரைக் கூட்டி விருந்தும் வைத்த பிறகு நோய் திரும்பினால், அந்த நன்றி என்ன ஆகிறது? அப்பா கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கோபம் என்று அவர் சொல்லவில்லை, பேசாமலே இருந்தார். அம்மா இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை குளித்துவிட்டுக் கூடையை எடுத்தார்கள்.

"என்னன்னும்மா கேப்பீங்க?" என்றேன்.

"போன தடவ கேட்டதுதான் கண்ணு. வேற என்னத்தக் கேக்கறது?"

"அதான் குடுத்துட்டுப் புடுங்கிக்கிட்டாரே."

"மூணு வருசம் குடுத்தாருல்ல. அந்த மூணு வருசத்துலதான உம் பொண்ணு பொறந்தா. அதப் புடுங்கலீல்ல."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான பதிலைப் பார்த்ததில்லை. எங்கம்மா எட்டாவது வரைக்கும் படித்தவர். வேண்டுதல் என்பது கொடுக்கல் வாங்கல் என்று நான் வைத்திருந்த கணக்கை அவர் அன்றைக்கே மாற்றிப் போட்டுவிட்டார். விலை கொடுத்து வாங்கின பொருளாக இருந்தால் ரிப்பேர் ஆனவுடன் கடைக்காரனோடு சண்டை போடலாம். சும்மா கிடைத்த மூன்று வருஷத்துக்கு யாரோடு சண்டை போடுவது?

இங்கே நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை ரமண மகரிஷியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அவர் எதனால் காலமானார் என்பது பலருக்குத் தெரியாது. 1948-ஆம் ஆண்டு கடைசியில் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அதை அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் மறுபடி வளர்ந்தது, முன்னைவிடப் பெரிதாக. சோதித்துப் பார்த்ததில் சார்கோமா என்று தெரிந்தது. தசை, எலும்பு போன்ற இடங்களில் தோன்றுகிற புற்று அது. மார்ச்சில் சென்னையிலிருந்து சர்ஜன் வந்து இரண்டாவது ஆபரேஷன். ரேடியம் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் மூன்றாவது. டிசம்பரில் நான்காவது. ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வந்தது. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, எழுபதாவது வயதில், அவர் உடம்பை விட்டார்.

அந்த ஒன்றரை வருஷத்தில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது வேண்டாம் என்றார். மற்றபடி எந்த வைத்தியத்தையும் அவர் தடுக்கவில்லை. பச்சிலை வைத்தியர் வந்தார், ஆயுர்வேத வைத்தியர் வந்தார், ஹோமியோபதி டாக்டர் வந்தார். அடியார்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஆறுதலுக்காகக் கூட்டி வந்தார்கள், அவர் எல்லாருக்கும் கையைக் காட்டினார். நீங்களே நினைத்தால் குணமாக்கிக்கொள்ளலாமே என்று அழுதவர்களுக்கு, இந்த உடம்பே ஒரு நோய்தான், அந்த நோய்க்கு ஒரு நோய் வந்திருக்கிறது என்கிற பொருளில் பதில் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்க வந்த மக்களுக்குத் தரிசனத்தை நிறுத்தக் கூடாது என்பதில் மட்டும் கடைசி நாள் வரைக்கும் பிடிவாதமாக இருந்தார்.

நான் ஞானி இல்லீங்க. இ.எம்.ஐ. கட்டுகிறவன். உடம்பு வேறு நான் வேறு என்று என்னால் இருக்க முடியவில்லை. ஊசி குத்தினால் எனக்குத்தான் வலித்தது. ஆனால் அவர் கதையிலிருந்து எனக்குப் பிடிபட்ட விஷயங்கள் உண்டு. நோய் திரும்பி வருவது பக்தி குறைந்ததால் வருகிற தண்டனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரமணருக்கே நாலு தடவை திரும்பி வந்தது. அவரைவிட நாம் எந்த விதத்தில் குறைச்சல் பாவம் செய்திருக்கப் போகிறோம், அல்லது அவருக்கு எந்த விதத்தில் பக்தி குறைச்சல்? இரண்டாவது, நம்பிக்கை உள்ளவன் டாக்டரிடம் போக வேண்டியதில்லை என்பதும் பொய். சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல முழு உரிமை உள்ள ஒரு மனிதர் இருந்தார் என்றால் அவர்தான். அவர் கத்திக்குக் கையை நீட்டினார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டாம் தடவை என்று ஊருக்குள் தெரிந்தவுடன் எங்கள் வீட்டுக்கு வந்த யோசனைகளை எழுதினால் இந்த மலரே போதாது. கீமோவை நிறுத்திவிட்டு எங்களிடம் வா, நாற்பத்தெட்டு நாளில் குணம் என்றார் ஒருவர். முன்பணம் கேட்டார். இன்னொருவர் தன்னுடைய பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைக்கே கட்டி கரையும் என்றார். பேர் எதற்கு, எல்லா ஊரிலும் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். முதல் தடவை வருகிற நோயாளியைவிடத் திரும்பி வந்த நோயாளியைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள், ஏனென்றால் அவனுக்கு ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை ஆடிப் போயிருக்கிறது. தம்பிகளே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு நேரம் வந்தால், படித்த பிள்ளை என்கிற முறையில் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். பிரார்த்தனையோடு மருந்தும் போகட்டும். மருந்தை நிறுத்தச் சொல்கிற பிரார்த்தனையை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி கொஞ்சம் என்ஜினியராகப் பேசுகிறேன்.

நாங்கள் கட்டுகிற கேஸ் டேங்கரில் வெல்டிங் ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். உள்ளே விரிசல் இருந்தால் பிலிமில் தெரியும். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்டு வைத்து, மறுபடி எக்ஸ்ரே. சில சமயம் அதே இடத்தில் திரும்ப விரிசல் காட்டும். உடனே டேங்கரைக் காயலான் கடைக்கா அனுப்புகிறோம்? இன்னும் ஆழமாகத் தோண்டி, தகட்டை முன்கூட்டியே சூடேற்றி, வேறு முறையில் வைக்கிறோம். என் டாக்டர் இரண்டாம் தடவை சிகிச்சையை விளக்கியபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதேதான், தகடு மட்டும் அழும்" என்றார்.

விஷயம் இதுதான். எல்லாப் புற்றும் திரும்பி வந்தால் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. எந்தப் புற்று, எங்கே திரும்பியது, எவ்வளவு நாள் கழித்து என்பதைப் பொறுத்துக் கதை மாறும். சிலவற்றில் மறுபடி முழுக் குணத்துக்கே முயற்சி செய்கிறார்கள். விரைப்பைப் புற்று திரும்பி வந்த பிறகும் குணமானவர்கள் நிறையப் பேர். சிலவற்றில் குணம் என்ற பேச்சு இருக்காது, சர்க்கரை நோய் மாதிரி வருஷக்கணக்கில் கட்டுப்பாட்டில் வைப்பார்கள். இன்னும் சிலவற்றில் வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம், அதுவும் பெரிய வைத்தியமே. என் ரகத்துக்கு, திரும்பி வந்தால் செய்கிற முறை ஒன்று உண்டு. முதலில் வேறு மருந்துகளால் கட்டியைச் சுருக்குவார்கள். பிறகு நம் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து எடுத்துக் குளிரில் உறைய வைப்பார்கள். அதன் பிறகு எலும்பு மஜ்ஜையே வற்றிப் போகிற அளவுக்குக் கடுமையான கீமோ. அது முடிந்ததும் உறைய வைத்த செல்களைத் திரும்ப ஏற்றுவார்கள். அவை தாமாக எலும்புக்குள் வழி கண்டுபிடித்துப் போய் முளைக்கின்றன. விதை நெல்லை எடுத்து வைத்துவிட்டு வயலைக் கொளுத்தி, மறுபடி விதைக்கிற மாதிரி. இந்த முறையில் ஏறக்குறைய பாதிப் பேர் நீண்ட காலம் நோயில்லாமல் இருக்கிறார்கள்.

பாதி. இந்த வார்த்தையை நான் பல ராத்திரி உருட்டிப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் என்பது நாணயத்தைச் சுண்டுகிற மாதிரி. அப்போதுதான் ஒரு நண்பர், நம் பேட்ச்காரர், ஸ்டீபன் ஜே கோல்ட் என்கிற அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றிச் சொன்னார். 1982-இல் அவருக்கு வயிற்றில் மீசோதீலியோமா என்ற அரிய புற்று வந்தது. புத்தகங்களைப் புரட்டினால் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று போட்டிருந்தது. புள்ளியியல் தெரிந்த மனிதர் அவர். எட்டு மாதம் இடைநிலை என்றால் பாதிப் பேர் எட்டு மாதத்துக்கு மேலும் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இடது பக்கம் பூஜ்யத்தில் முட்டி நிற்கிறது, வலது பக்கம் வால் நீளமாக வருஷக்கணக்கில் போகிறது. அந்த வாலில் நான் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டு, 1985-இல் ஒரு கட்டுரையே எழுதினார். 2002-இல், இருபது வருஷம் கழித்து, வேறொரு புற்றால் இறந்தார். நம்பிக்கைக்கும் புள்ளிவிவரத்துக்கும் ஆகாது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கணிதம் மூன்றாம் பேப்பரை வெறுத்த நம்மில் பலருக்கும் இது ஒரு தாமதமான பாடம்.

மருத்துவத்தில் "திரும்பி வந்தது" என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் என்று ஒருவர். ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1920-களில் அமெரிக்கா போனார். அங்கே அவருடைய ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்தைத்தான் பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கு முன் அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. பதினாறு குழந்தைகளில் பத்துக் குழந்தைகளுக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் கட்டுரை வந்தது. தலைப்பிலேயே "தற்காலிக" என்ற சொல் இருந்தது. சில மாதங்களில் நோய் திரும்பி வந்துவிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவும் காலமாகிவிட்டார், ஐம்பத்து மூன்று வயதில்.

அன்றைக்குப் பார்த்தால் அது தோல்வி. சிலர் அப்படிச் சொல்லவும் சொன்னார்கள். ஆனால் அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டோடு ஒவ்வொன்றாக வேறு மருந்துகளைச் சேர்த்துச் சேர்த்து, இன்றைக்கு நல்ல மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு வருகிற அந்த வகை ரத்தப்புற்றில் பெரும்பாலானவை குணமாகின்றன. நம்முடைய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அடுத்த வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் கண்ணை மூடும் வரை அந்த வளாகத்திலேயே குடியிருந்து வேலை பார்த்தார். அந்த ஆரம்ப வருஷங்களில் அவர்கள் பார்த்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு நோய் திரும்பி வந்திருக்கும்! மறுநாள் காலையிலும் அவர்கள் ரவுண்ட்ஸ் போனார்கள். இதையும் நான் பக்தி என்றுதான் சொல்வேன்.

எனக்கு ஏற்றிய முதல் நாலு மருந்தில் ஒன்று வின்பிளாஸ்டின். பாட்டிலைப் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். அது எதிலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். நித்திய கல்யாணி! நம் வீட்டு வாசலில், ரோட்டோரத்தில், ரோஸ் கலரிலும் வெள்ளையிலும் தண்ணி ஊற்றாமலே பூக்கிற செடி. 1950-களில் கனடாவில் அதன் இலைச் சாறு சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அங்கிருந்துதான் ரத்தம், நிணநீர்ப் புற்றுகளுக்கு மருந்து பிறந்தது. எங்கள் அமுச்சியிடம் இதைச் சொன்னபோது, "அது சுடுகாட்டு மல்லியில்ல கண்ணு" என்றார். ஆமாம், அதற்கு அந்தப் பெயரும் உண்டு. சுடுகாட்டில் தானாக முளைத்துக் கிடக்கும். ஒரே செடிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் ஒன்று சுடுகாட்டு மல்லி, இன்னொன்று நித்திய கல்யாணி. அதே பூவைப் பறித்துச் சாமிக்கும் வைக்கிறார்கள். வார்டு ஜன்னலுக்கு வெளியே அந்தச் செடி நின்றது. இரண்டு பேரில் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்பது அன்றன்றைக்கு என் உடம்பைப் பொறுத்து இருந்தது.

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக 2023 தொடக்கத்தில் சென்னையில் ஒரு மருத்துவமனையில் நாலு வாரம் தனி அறையில் இருந்தேன். அதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, சாப்பாட்டுக்கு முன் வேண்டாம். வாய் முழுக்கப் புண். உறைய வைத்த செல்களை ஏற்றும்போது அதில் கலந்த ரசாயனத்தால் அறை முழுக்கப் பூண்டு நாற்றம். நர்ஸ் கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, "இதச் சப்புங்கண்ணா" என்றார். ரத்த எண்ணிக்கை அடியோடு இறங்கி மறுபடி ஏறத் தொடங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்த நாட்களில் உடம்பில் தற்காப்பே கிடையாது. ஒவ்வொரு நாள் காலையும் ரிப்போர்ட் வரும், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களுக்கு நடுவில் எனக்கு நாமகிரித் தாயார் ஞாபகம் அடிக்கடி வந்தது. அதற்குக் காரணம் ராமானுஜன்.

கணித மேதை ராமானுஜன் குடும்பத்துக்குக் குலதெய்வம் நம் ஊர் நாமகிரித் தாயார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மலைக்கோட்டைக்குப் போகிற வழியில் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. நமக்கு அதிகம் சொல்லித் தராத பகுதி கடைசி வருஷம். 1919-இல் நோயாளியாக இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தார். கொஞ்ச காலம் இங்கே பக்கத்தில் கொடுமுடியில், காவேரிக் கரையில் தங்கியிருந்தார். உடம்பு தேறவில்லை. 1920 ஜனவரியில் படுத்த படுக்கையாக இருந்துகொண்டு ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். புது வகைச் சார்பு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று. ஏப்ரலில் முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார். அந்தக் கடைசி மாதங்களில் எழுதிய தாள்கள் 1976-இல்தான் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஒரு பெட்டியிலிருந்து கிடைத்தன. இன்றைக்கும் கணிதக்காரர்கள் அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

தாயார் அவரைக் காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். நானும் அந்த அறையில் கேட்டேன். பதில் எனக்குக் கிடைத்தது என்று சொன்னால் பொய். ஆனால் அவர் கடைசி வரைக்கும் ஸ்லேட்டையும் பேப்பரையும் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் லேப்டாப் கேட்டேன். ஒரு டிரெய்லரின் பின்பக்கத் தாங்கி டிராயிங் பாதியில் நின்றிருந்தது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் உட்கார முடிந்தது. அந்த டிரெய்லர் இப்போது தூத்துக்குடி ரோட்டில் ஓடுகிறது.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இறங்கினால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். அதே மாடியில், இரண்டு அறை தள்ளி, சங்ககிரிப் பக்கத்து லாரி டிரைவர் அண்ணன் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அதே நோய், அதே மருந்து, அதே டாக்டர். அவர் மனைவி தினம் கதவுக்கு வெளியே முழங்காலில் நின்று ஜெபம் செய்வார். எனக்காகவும் சேர்த்து. எங்கம்மா அவருக்கும் சேர்த்து விபூதி அனுப்புவார்கள். நான் வீடு திரும்பினேன். அவர் திரும்பவில்லை. அந்த அக்காவின் நம்பிக்கை எங்கம்மா நம்பிக்கையைவிட ஒரு இம்மி குறைந்தது என்று யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். நம்பியதால் பிழைத்தேன் என்று இந்த மேடையில் நான் சொன்னால், அது அந்த அண்ணனுக்குச் செய்கிற துரோகம். அதனால் அப்படிச் சொல்ல மாட்டேன். நம்பியதால் அந்த நாட்களை நான் நானாகவே கழித்தேன். மகளிடம் வீடியோவில் பேசினேன், டிராயிங் போட்டேன், நர்ஸ் தங்கைகளை சிரிக்க வைத்தேன். அவரும் கடைசி வாரம் வரைக்கும் டீசல் விலையைப் பற்றி என்னோடு போனில் வாதம் செய்துகொண்டிருந்தார். இவ்வளவுதான் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. அந்த அக்கா இன்றும் எங்கம்மாவுக்கு மாதம் ஒரு தடவை போன் செய்கிறார்.

எனக்கு இப்போது ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் தூக்கம் வராது. அது போகும் என்று தோன்றவில்லை. அப்பா போன ஆடியிலிருந்து மறுபடி கோவிலுக்கு வருகிறார். உள்ளே வராமல், வெளியே ஆஞ்சநேயருக்கு எதிர்ப் படியில் உட்கார்ந்துகொள்கிறார். நாங்களும் கூப்பிடுவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அது சாமியிடம் இல்லை, உங்களிடம். மஜ்ஜை வற்றிக் கிடந்த நாட்களில் எனக்கு ஒன்பது தடவை தட்டணுக்கள் ஏற்றினார்கள். தட்டணுக்களை எடுத்து வைத்தால் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது, அதனால் ஆள் வேண்டிக்கொண்டே இருக்கும். கொடுத்தவர்களில் ஆறு பேர் நம் கல்லூரிக்காரர்கள், சென்னையில் வேலை பார்க்கிறவர்கள். அதில் நாலு பேரை நான் அதற்கு முன் பார்த்தது கூட இல்லை. வாட்ஸ்அப்பில் செய்தி பார்த்து, லீவு போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் தட்டணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை உடம்புக்கே திருப்பி விடுவார்கள். ஒன்றரை மணி நேர வேலை. செலவினங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், நம் பேட்ச் திரட்டிக் கொடுத்த தொகையும் கை கொடுத்தன. அதற்கு நன்றி சொல்லி முடியாது, சொன்னால் அடிப்பார்கள்.

அரங்கத்துக்கு வெளியே இடது பக்கம், பதிவு மேஜைக்கு அடுத்து, ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சேலம், ஈரோடு, கோவை, சென்னை, பெங்களூர் என்று ஊர்வாரியாகப் பக்கம் பிரித்திருக்கிறது. பேர், ரத்த வகை, போன் நம்பர். பதினெட்டு வயது முடிந்த மாணவர்களும் எழுதலாம், எடை ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், ஹாஸ்டல் சாப்பாட்டில் அது கஷ்டம் என்று தெரியும். ஓ நெகட்டிவ்காரர்கள் இருந்தால் என்னை நேரில் பார்க்கவும், நான் வரிசையில் கடைசி ஆளாகத்தான் சாப்பிடுவேன்.